இரண்டு விமான நிலையம் பார்த்த பை

ஈப்போ விமான நிலையத்துக்கும் பினாங்கு விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரமாகும் என்று இப்போதெல்லாம் யாரும் என்னைக் கேட்பதில்லை. கைப்பேசியைக் கேட்கிறார்கள். அதுவும் கொஞ்சம்கூடத் தயங்காமல் இரண்டு மணி நேரம் சொச்சம் என்று சொல்லிவிடுகிறது. அந்தச் சொச்சத்தில்தான் நான் இத்தனை வருடம் வேன் ஓட்டினேன்.

ஆபீசில் கூப்பிட்டு, புதிதாக வேன் சாவி வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் அக்கா என்றார்கள். கண்ணில் புரை விழுந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தவளுக்கு எழுத மட்டும் கண் தெரியுமா என்று கேட்டேன். சொல்லுங்கள், டைப் பண்ணிக்கொள்கிறோம் என்றார்கள். சரி, கேட்டுக்கொள்ளுங்கள். டயரில் காற்று, எஞ்சினில் எண்ணெய் இதையெல்லாம் சொல்லித்தர வேறு ஆள் இருக்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேனுக்குள் உட்காருகிற மனிதர்கள்தான். அவர்களைத்தான் எந்த மெக்கானிக்கும் பழுது பார்க்க முடியாது.

முதலில் ஒன்று. நம் ஆட்களுக்கு விமான நிலையத்துக்குப் போவது என்பது ஒருவர் போகிற காரியம் இல்லை. விமானம் ஏறுகிறவர் ஒருவர், வழியனுப்ப வருகிறவர்கள் வேன் நிறைய. ஆயர் தாவாரில் ஒரு வீட்டில் திருச்சிக்குப் போகிற ஒரு மனிதரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை தாண்டியதும் சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லையே என்றார்கள். திருப்பினேன். சித்தப்பா வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்திரிக்க விடவில்லை. குடித்து முடித்து வெளியே வந்தால் சித்தப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வேனில் உட்கார்ந்திருக்கிறார். எங்கே வருகிறீர்கள் என்று கேட்டால், சும்மாதான் என்கிறார். அன்றைக்கு நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரே காரணம், கிளம்ப வேண்டிய நேரத்தை ஒரு மணி நேரம் முன்னதாகவே அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். பிறகு அந்த வித்தையும் வெளியே தெரிந்துபோய், அக்கா எட்டு என்றால் ஒன்பது என்று அர்த்தம் என ஊரெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஏழு என்று சொல்ல ஆரம்பித்தேன். உங்களுக்கு என்ன சௌகரியமோ அதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

என்னோடு வேன் ஓட்டிய ஒரு கண்டோனீஸ் சீனர் இருந்தார். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எப்போது போய்ச் சேருவோம் என்று யார் கேட்டாலும், சேர்ந்ததும் சொல்கிறேன் என்பார், மலாயில், சிரிக்காமல். ஆரம்பத்தில் திமிர் பிடித்த மனிதர் என்று நினைத்தேன். நேரத்தைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே ஒருத்தரும் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவர் முதுகைத்தான் பார்க்கிறார்கள் என்று பிறகு புரிந்தது. நானும் அவர் பதிலையே எடுத்துக்கொண்டேன்.

இனி கமலாவின் கதை. இதற்காகத்தான் எழுதவே ஒப்புக்கொண்டேன்.

கமலா கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் தர்ஷினி சிங்கப்பூரில் கணக்காளராக இருக்கிறாள், அவள் புருஷன் கப்பலில். தர்ஷினிக்குத் தலைப்பிரசவம். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், சனிக்கிழமை காலையில் எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனிக் கணக்கையே புரட்டிப் போடுகிற பெண், ஆனால் ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே நடுங்குவாளாம். அம்மா வந்து கையைப் பிடித்தால்தான் உள்ளே போவேன் என்று போனில் அழுதிருக்கிறாள். புருஷன் நடுக்கடலில். அந்த ஊரில் அவளுக்கு வேறு யாரும் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் விமானத்தில் கமலாவுக்கு டிக்கெட். வாழ்க்கையில் முதல் விமானம்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் கமலாவை ஏற்ற கமுந்திங் போனேன். வழியனுப்ப அவர் தம்பி மணியம் மட்டும்தான் வருகிறார் என்றதும் எனக்கு ஆச்சரியம். மணியம் பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக, குமாஸ்தாவாக, இருந்தவர். எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பார், அந்தக் கருத்தைக் கைப்பேசியில் சரிபார்த்துக்கொள்வார்.

பக்கத்து வீட்டில் அஞ்சலை அக்கா என்று ஒருவர். நல்ல நேரம், கெட்ட நேரம் பார்ப்பதில் அந்தத் தாமான் குடியிருப்புக்கே அவர்தான் அதிகாரி. வெள்ளிக்கிழமை அந்த நேரம் ராகு காலம். ராகு காலத்தில் பிரசவத்துக்குக் கிளம்புவதா, கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். விமானம் ராகுவுக்காகக் காத்திருக்குமா? அதற்கும் நம் ஆட்களிடம் வழி இருக்கிறது. பயணப்பையை முன்கூட்டியே, நல்ல நேரத்தில், வாசல் தாண்டி வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்த நேரத்தில் போனாலும் தோஷம் இல்லை. படித்தவர்கள் இதற்குப் பரஸ்தானம் என்று பேர் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் பையை முன்னாடி அனுப்புறது என்போம்.

காலையில் கமலாவின் பை நல்ல நேரத்தில் கிளம்பி, வேலி தாண்டி, அஞ்சலை வீட்டுச் சாமி அறையில் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காய மருந்து, உரித்த பூண்டு, நல்லெண்ணெய், குழந்தைக்குப் போர்த்த பழைய சேலைத் துணி. கூடவே, மேலே பத்திரமாக, பாஸ்போர்ட்.

நான் வழக்கம்போல் கிளம்பும் முன் கேட்டேன், பாஸ்போர்ட் எடுத்தாச்சா என்று. கமலா, பையில் இருக்கிறது என்றார். உண்மைதான், பையில்தான் இருந்தது. பை எல்லாம் ஏறியாச்சா என்றேன். மணியம் பின்னால் பார்த்துவிட்டு ஆச்சு என்றார். பின்னால் முறுக்கு டின்னும் மகள் ஆபீஸ் தோழிகளுக்கான பலகாரப் பைகளும் நிறையவே இருந்தன. அஞ்சலை வாசலில் நின்று கையசைத்தார். அவர் மனதிலும் கமலா மனதிலும் அந்தப் பை காலையிலேயே கிளம்பிவிட்டது. கிளம்பிவிட்ட பையை யார் தேடுவார்கள்? இந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்த ஜாதி ஜனமும் பண்ண முடியாது, நாம்தான் பண்ண முடியும்.

ஈப்போ விமான நிலையம் போய்ச் சேர்ந்து, பயணச் சீட்டு கொடுக்கிற இடத்தில் நின்ற பெண் கை நீட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கமலா பலகாரப் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“பை அஞ்சலக்கா வீட்டுல இருக்கு,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஈப்போவிலிருந்து கமுந்திங் போய்த் திரும்பி வர அந்த விமானம் காத்திருக்காது. காத்திருக்கவும் இல்லை. அடுத்து சிங்கப்பூர் போக அன்றைக்கு வழி இரண்டு. ஒன்று, தெற்கே சிப்பாங் விமான நிலையம். மற்றொன்று, வடக்கே பினாங்கு. மணியம் கைப்பேசியைத் தட்டி, சிப்பாங்கிலிருந்து விமானம் நிறைய இருக்கிறது, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்றார். விமானம் நிறைய இருந்து என்ன பண்ண, பாஸ்போர்ட் கமுந்திங்கில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறதே. பினாங்கு போகிற வழியில்தான் கமுந்திங். சாயந்திரம் அங்கிருந்து ஒரு விமானம் இருந்தது. டிக்கெட்டைப் போடுங்கள் என்றேன். போட்டார்.

இப்போது கேளுங்கள், இதுதான் இந்த வேலையில் கஷ்டமான இடம். எல்லோரும் வேனில் ஏறியாயிற்று. நான் சாவியைத் திருப்பவில்லை. அஞ்சலைக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தோம், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. வீட்டில் இருந்தால் எடுத்திருப்பார். எனக்கு அந்த அக்காவை அன்று காலையில்தான் தெரியும், ஆனால் ஆளைப் பார்த்ததும் ஒன்று புரிந்திருந்தது. அடுத்தவர் பையைச் சாமி அறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிற மனுஷி, அது அங்கேயே கிடக்கிறது என்று தெரிந்தால் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்.

அவர் வீட்டுக்கு எதிரில் மளிகைக்கடை இருக்கிறது என்று கமலா சொன்னார். அந்தக் கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் பேசச் சொன்னேன். அவர் நல்ல தமிழில் விவரம் சொன்னார். அஞ்சலை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பையைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, புருஷன் சின்னையாவின் காய்கறி லாரியில் ஏறி ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டார். கைப்பேசி வீட்டில் சார்ஜில். சின்னையாவுக்குக் கைப்பேசியே கிடையாது, கத்தரிக்காய் யாருக்கும் போன் பண்ணுவதில்லை என்பது அவர் கட்சி.

ஆக, பை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எங்கே வருகிறது, எப்போது வரும், யாருக்கும் தெரியாது.

மணியம் உடனே நெடுஞ்சாலையில் போய் எதிரில் மடக்கிவிடலாம் என்றார். கோலகங்சார் பக்கத்தில் பிடித்துவிட்டால் அப்படியே பினாங்குக்குப் போய்விடலாம், நேரம் மிச்சம் என்றார். கணக்கு சரிதான். ஆனால் நெடுஞ்சாலையில் அவர்கள் அந்தப் பக்கம் வருவார்கள், நாம் இந்தப் பக்கம் போவோம், கையை வேண்டுமானால் ஆட்டலாம். லாரியில் இருப்பவர்களுக்கு நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான், ஈப்போ விமான நிலையம். அந்த இடத்தை விட்டு நாங்கள் நகர்ந்தால் அவர்கள் இங்கே வந்து நிற்பார்கள், நாங்கள் எங்கேயோ நிற்போம்.

நான் நகரமாட்டேன் என்றேன்.

தம்பிகளே, தங்கச்சி, வேகமாக ஓட்டுவதற்குத் தைரியம் வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது காலில் இருக்கிற சமாச்சாரம். ஒரு பெண்மணி பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போது வேனை நிறுத்தி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்குத்தான் நெஞ்சில் பலம் வேண்டும். மணியம் என்னைத் திட்டினார். மரியாதையாகத்தான் திட்டினார், கிராணி வேலை பார்த்தவர் அல்லவா. இந்த அக்காவுக்கு வயசாகிவிட்டது, பயம் வந்துவிட்டது, வேறு வேன் கூப்பிடலாம் என்று என் காதுபடவே கமலாவிடம் சொன்னார். கமலா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அக்கா, எம்புள்ள தனியா கெடக்கு,” என்றார்.

“தெரியும் கமலா. அதனாலதான் நிக்கிறேன்,” என்றேன்.

எனக்கும் பயம்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லா சாலையிலும் கார் வரிசை நின்ற நேரம். லாரி வராவிட்டால் என்ன பண்ணுவேன் என்று எனக்கே தெரியாது. நாற்பது தடவை வாட்டர் பாட்டிலைத் திறந்து மூடினேன்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். விமான நிலைய வாசலில் ஒரு காய்கறி லாரி வந்து நின்றது. காவலாளி விசில் ஊதினார், இது சரக்கு இறக்குகிற இடம் இல்லை என்று. முன்னால் மடியில் பையை வைத்துக் கட்டிப்பிடித்தபடி அஞ்சலை. பின்னால் மூட்டை மூட்டையாக வெங்காயம். மலை ஏற்றத்தில் லாரி சூடாகிவிடும் என்று சின்னையா நெடுஞ்சாலைப் பக்கமே போகவில்லை, சுங்கை சிப்புட் வழியாகப் பழைய சாலையில் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் நெடுஞ்சாலையில் மடக்கப் போயிருந்தால் கமுந்திங் வரைக்கும் மடக்கிக்கொண்டே போயிருப்போம்.  நான் மணியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கமலா ஓடிப்போய்ப் பையை வாங்கக் கை நீட்டினார். அஞ்சலை தரவில்லை.

“இப்ப எமகண்டம். நான் தரமாட்டேன்லா,” என்றார்.

பிரசவத்துக்குப் போகிற பையை எமகண்டத்தில் கைமாற்றுவதா என்பது அவர் கேள்வி. மணியம் கத்த ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இந்த நேரத்தில் எமனோடு வாதாடி ஜெயிக்க நமக்கு அவகாசம் இல்லை. பையைத் தர வேண்டாம் அக்கா, பையோடு நீங்களும் ஏறுங்கள் என்றேன். அவர் உடனே ஏறிவிட்டார், செருப்பைக் கழற்றிவிட்டு. சின்னையா வெங்காயத்தோடு தனியாகத் திரும்பினார். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நம்பிக்கையோடு சண்டைக்குப் போகாதீர்கள், அதற்கும் ஒரு இருக்கை கொடுத்துவிடுங்கள், நேரம் மிச்சம்.

வேன் கிளம்பியதும் மணியத்தின் கைப்பேசி ஆரம்பித்தது. சேரும் நேரம் இத்தனை, இப்போது இரண்டு நிமிடம் கூடிவிட்டது, இப்போது ஒரு நிமிடம் குறைந்துவிட்டது. ஒவ்வொன்றையும் அவர் வாசிக்க வாசிக்கக் கமலா மூச்சை இழுத்து இழுத்து விட்டார். சுரங்கப்பாதைக்குள் போனபோது சிக்னல் போனது. ஆஹா, அந்தக் கொஞ்ச நேர நிம்மதி! வெளியே வந்ததும் மறுபடி ஆரம்பித்தார். அண்ணே, அதை அணைத்துப் பையில் போடுங்கள், இல்லாவிட்டால் உங்களையும் அதையும் சேர்த்துக் கோலகங்சாரில் இறக்கிவிடுவேன் என்றேன். அணைத்துவிட்டார்.

கமுந்திங் வந்தது. காலையில் கிளம்பிய ஊர். பாதி நாள் ஓடி, ஒரு விமானத்தைக் கோட்டைவிட்டு, கமலா மறுபடியும் தன் வீட்டுக்குப் போகிற சந்திப்பைக் கடந்து போனார். அஞ்சலை ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. 

அதற்குப் பிறகு கண்ணாடியில் கமலாவைக் கவனித்தேன். முகம் வெளிறிப் போய், முழங்காலை இறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணிடம் இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்து வந்த ஓய்விடத்தில் வேனைத் திருப்பினேன். மணியம் துள்ளினார், இப்போது போய் நிறுத்துகிறீர்களே என்று. காலையிலிருந்து அந்தப் பெண்மணி ஒரு தடவைகூடக் கழிப்பறை போகவில்லை. அப்படியே கொண்டுபோய் இறக்கினால் அங்கே ஓட வேண்டிய நேரத்தில் ஓட மாட்டார், கழிப்பறையைத் தேடுவார். நாம் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். ஏறி உட்கார்ந்திருக்கிறவர் வாய் திறந்து கேட்கிற வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

கழிப்பறையிலிருந்து வரும்போது கமலாவின் கைப்பேசி அடித்தது. தர்ஷினி. காது சரியாகக் கேட்காத பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“அம்மா, வலி வந்துருச்சுமா. இன்னிக்கு ராத்திரியே எடுப்பாங்களாம். நீ எங்க இருக்கே?”

“ஏர்போர்ட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கேன்டா.”

“மத்தியானமே ஏர்போர்ட்லதானே இருந்தே?”

“அது வேற ஏர்போர்ட்டுடா,” என்றார் கமலா.

 தர்ஷினி அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள் என்றும் சொல்லலாம். நீ வராமல் நான் உள்ளே போகமாட்டேன் என்று மறுபடியும் சொன்னாள். கமலா வாரேன், வாரேன், வாரேன் என்று போனை வைக்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். மணியம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அதுவரை இது நாளைக் காலைக்குள் போய்ச் சேர வேண்டிய பயணமாக இருந்தது. இப்போது இந்த விமானத்தை விட்டால் மகள் தனியாகத்தான் கத்திக்குப் போக வேண்டும்.  பத்து காவான் என்கிற ஊர் வந்ததும், பினாங்குத் தீவுக்குப் போகிற இரண்டாவது பாலத்தில் ஏறினேன். பழைய பாலம் வழியாகப் போனால், தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து வரும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் சிக்கிக்கொள்வோம். இரண்டாவது பாலம் நீளம்தான், ஆனால் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். கடல் இரண்டு பக்கமும் பளபளவென்று இருந்தது. அஞ்சலை பையைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீருக்கு மேல் அவ்வளவு தூரம் போனது அவருக்கு அதுதான் முதல் தடவையாம்.

பினாங்கு விமான நிலையத்தில் வேனைப் போடக்கூடாத இடத்தில் போட்டுவிட்டு நானும் கூடவே ஓடினேன். இதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். கவுண்டரில் பெண் விளக்கை அணைக்கிற நேரம். அஞ்சலை சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், எமகண்டம் முடிந்திருந்தது. பையைத் திறந்து, மேலே இருந்த பாஸ்போர்ட்டை எடுத்து, இரண்டு கையாலும் கமலாவிடம் கொடுத்தார். கவுண்டர் பெண் வாங்கிப் பார்த்துச் சீட்டை நீட்டினாள். அப்பாடா என்று மூச்சு விட்டோம்.

அப்புறம் அவள் பையைத் தூக்கிப் பார்த்தாள். கையில் கொண்டுபோக முடியாது, கனம் அதிகம், எண்ணெய் பாட்டில் வேறு இருக்கிறது என்றாள். சாமான் ஏற்றும் வேலையும் முடிந்துவிட்டது, பை போகாது, ஆள் மட்டும் போகலாம், அதுவும் இப்போதே போனால்தான் என்றாள். நல்ல பெண், குரலை உயர்த்தவே இல்லை. சட்டம் அப்படி.

கமலா தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்துப் போட்டார். காயத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். பூண்டை எடுத்தார், திரும்ப வைத்தார். சேலைத் துணியை உதறி மடித்தார். எதை விடுவது? இதெல்லாம் இல்லாமல் பிரசவம் பார்க்க ஒரு தாய் போவாளா? எண்ணெய் பாட்டில் உருண்டு போனது. சிங்கப்பூரில் பூண்டு கிடைக்கும் கமலா, எழுந்திரு என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. இத்தனை மலை ஏறி, கடல் தாண்டி வந்து, கடைசியில் ஒரு பூண்டுப் பொட்டலத்தில் எல்லாம் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அஞ்சலைதான் குனிந்தார். பிரித்துப் போட்டதையெல்லாம் இரண்டு கையாலும் வாரிப் பைக்குள் திணித்தார். ஜிப்பை இழுத்து மூடினார். பையைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“பையப் பத்திக் கவலப்படாதே. அது இன்னொரு நாள் நல்ல நேரம் பாத்துக் கெளம்பும். நீ போ,” என்றார்.

காலையிலிருந்து அந்தப் பைக்கு அவர் கொடுத்த மரியாதை என்ன, இப்போது சொன்னது என்ன! கமலா அவர் முகத்தைப் பார்த்தார். பாஸ்போர்ட்டையும் சீட்டையும் மட்டும் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேகமாக நடந்தார், பிறகு ஓடினார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தை ஒரு பாதுகாவலர் ஒதுங்கி நின்று பார்த்தார். கமலா திரும்பியே பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் நாங்கள் மூன்று பேர், கூடவே முறுக்கு டின்னும் பலகாரப் பைகளும். மணியம் முன்னால் உட்கார்ந்து, அக்கா அப்போது நான் பேசியதை மனதில் வைக்காதீர்கள் என்றார். எதை என்று கேட்டேன். எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது, அவர் வாயால் இன்னொரு தடவை கேட்க ஆசை. வயசாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்று சொன்னதை என்றார். வயசானது உண்மைதான் என்றேன். பின்னால் அஞ்சலை பையில் தலைவைத்துத் தூங்கிவிட்டார், வேன் முழுக்கப் பூண்டு வாசம்.

அந்தப் பை அப்புறம் சிங்கப்பூர் போனதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கமலா இரண்டு மாதம் போல் மகளோடு இருந்துவிட்டு வந்தார். அழைத்து வர ஈப்போ விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். அன்றைக்கு நடந்ததை வேனில் வரும்போது அவர் சொன்னார். தர்ஷினியின் தோழி ஒருத்தி விமான நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். கட்டிலோடு உள்ளே தள்ளிக்கொண்டு போகிற நேரம். தர்ஷினி இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று தாதிகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாவைக் கண்டதும் கம்பியை விட்டுவிட்டு அம்மா விரலைப் பிடித்தாளாம்.  கதவு வரைக்கும் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். அழுகை நின்றுவிட்டதாம். உள்ளே போனாள்.

பெண் குழந்தை. மயக்கம் தெளிந்து வார்டுக்கு வந்ததும், பக்கத்தில் துணியில் சுருட்டிய குழந்தையோடு படுத்தபடி தர்ஷினி அம்மாவை மேலும் கீழும் பார்த்திருக்கிறாள். கணக்காளர் அல்லவா, சரிபார்க்க வேண்டும். காயம் கொண்டுவந்தாயா என்றாளாம். இல்லை என்றார் கமலா. எண்ணெய்? இல்லை. பழைய சேலை? அதுவும் இல்லை.

“என்னம்மா, வெறுங்கையோடவா வந்தே?”

“ஆமாலா. ரெண்டு கையும் காலியாத்தான் இருக்கு,” என்றாராம் கமலா. “புள்ளயக் குடு.”